கேட்ட கோப்பை எல்லாம் எடுத்துக் கொடுக்கும் நிரல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வலைதளங்களிலிருந்து ஆவணங்கள் கசிந்த செய்திகள் வரும்போதெல்லாம், "மர்ம நபர்கள் சர்வருக்குள் ஊடுருவினர்" என்ற ஒரே வாக்கியம் எல்லாக் கசிவுகளுக்கும் பொதுவாக எழுதப்படுவதைக் கவனித்து வருகிறேன். கோயம்புத்தூரில் சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் 19 ஆண்டுகளாகப் பராமரித்து வரும் எனக்கு அந்த வாக்கியம் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ஊடுருவினர் என்றால் பூட்டு இருந்தது, அதை யாரோ திறமையாக உடைத்தார்கள் என்று பொருள். ஆனால் ஒரு வகைக் கசிவில் யாரும் எதையும் உடைப்பதில்லை. எவருடைய கடவுச்சொல்லையும் திருடுவதில்லை. தளத்தின் நிரலிடம் ஒரு கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அது எடுத்துக் கொடுத்துவிடுகிறது. இந்தப் பிழைக்கு 'டைரக்டரி டிராவர்சல்' என்று பெயர். தமிழில் 'கோப்புறை தாண்டல்' என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

ஓர் அலுவலகத்தின் பதிவறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரத்தில் ஓர் எழுத்தர் இருக்கிறார். வருபவர்கள் துண்டுச்சீட்டில் கோப்பின் பெயரை எழுதி நீட்டுகிறார்கள்; அவர் மூன்றாம் அலமாரிக்குப் போய் அந்தக் கோப்பை எடுத்து வந்து தருகிறார். மூன்றாம் அலமாரியில் இருப்பவை யாருக்கும் தரக்கூடியவை என்பதால் அவர் யார், எவர் என்று விசாரிப்பதில்லை. ஒருநாள் ஒருவர், "அலமாரியை விட்டு வெளியே வா, அறையை விட்டு வெளியே வா, எதிரே உள்ள அதிகாரியின் மேசை இழுப்பறையில் இருக்கும் சாவிப் பட்டியலை எடு" என்று சீட்டில் எழுதித் தருகிறார். நம் எழுத்தரோ சீட்டில் எழுதியிருப்பதை அட்சரம் பிசகாமல் செய்யப் பழகியவர். போய் எடுத்து வந்து கொடுத்துவிடுகிறார். வந்தவர் பதிவறைக்குள் காலடி எடுத்து வைக்கவே இல்லை.

கணினியில் அந்த "வெளியே வா" என்பதற்கு இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் போதும்: ../ என்று எழுதினால் 'இப்போது நிற்கும் கோப்புறைக்கு மேலே உள்ள கோப்புறை' என்று பொருள். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது, விண்டோஸிலும் உண்டு. ../../../ என்று அடுக்கினால் மூன்று படி மேலே. எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வேர்க் கோப்புறையின் 'மேல் கோப்புறை' அதுவேதான். நான்கு படி போதுமான இடத்தில் பத்துப் படி எழுதினாலும் பிழை வராது, உச்சியில் போய் நிற்கும். அங்கிருந்து எந்தக் கோப்பையும் பெயர் சொல்லி இறங்கலாம்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வாடிக்கையாளர்கள் தங்கள் கட்டண ரசீதைப் பதிவிறக்கிக்கொள்ள ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். முகவரியின் கடைசியில் ரசீதுக் கோப்பின் பெயர் வரும். அந்தப் பெயரை ரசீதுகள் இருக்கும் கோப்புறையின் பாதையோடு ஒட்டி, கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பதை அனுப்பிவிடும். மொத்தம் மூன்று வரி நிரல். ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கம்போல சர்வர் பதிவேட்டை உருட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறு அதிகாலை இரண்டே முக்கால் மணிக்கு ஒரே இடத்திலிருந்து முப்பது நாற்பது கோரிக்கைகள் வரிசையாக வந்திருந்தன. ரசீது எண் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் கோடுமாக எறும்பு வரிசை போல நீண்டிருந்தது. முதல் சில வரிகளின் எதிரே 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை'. அதன்பின் ஒரு வரியில் 200. கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று பொருள். அந்த வரியின் கடைசியில் இருந்த பைட் எண்ணிக்கை, லினக்ஸில் பயனர் பட்டியலைத் தாங்கும் கோப்பின் அளவோடு அச்சாகப் பொருந்தியது. இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு 200. இந்த முறை போயிருந்தது தளத்தின் அமைப்புக் கோப்பு. தரவுத்தளத்தின் கடவுச்சொல் அதில்தான் இருந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது.

நிரலை எழுதிய இளைஞரை நான் குறை சொல்லமாட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் 'கோப்பைப் பதிவிறக்கும் பக்கம்' என்ற பயிற்சியை அவருக்கு அந்த மூன்று வரியில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், மதிப்பெண்ணும் கொடுத்திருந்தார்கள். பதறிப்போய் அவர் செய்த முதல் திருத்தம்தான் இந்தப் பிழையின் குணத்தை எனக்கு நன்றாகப் புரியவைத்தது. வரும் பெயரில் ../ எங்கே இருந்தாலும் அதை நீக்கிவிடும் ஒரு வரியைச் சேர்த்தார். சரியாகத்தான் தோன்றும். ஆனால் ஒருவர் ....// என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? நடுவில் இருக்கும் ../ நீக்கப்படும், மிச்சம் இருக்கும் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் நெருங்கி வந்து மறுபடியும்../ ஆகிவிடும். களை எடுத்த கையே விதைத்தும் விட்டது.

இதற்கு அடுத்து எல்லோரும் சொல்லும் ஆலோசனை, "சொந்தமாக எழுதாதீர்கள், ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துங்கள்" என்பது. வலைதளம் கட்டுவதற்கான தூண், உத்தரம், படிக்கட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் ஆயத்த நிரல்தொகுதியைத்தான் ஃபிரேம்வொர்க் என்கிறோம். ஜாங்கோ, ரெயில்ஸ், ஸ்பிரிங், எக்ஸ்பிரஸ், லாராவெல் ஆகியவை பரவலாகப் புழங்குபவை. ஆலோசனை பெரும்பாலும் சரியானது; நானும் அதையே சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு பிழையில் ஃபிரேம்வொர்க்குகளும், அவற்றைத் தாங்கும் வெப் சர்வர்களும் மீண்டும் மீண்டும் இடறியிருக்கின்றன. பெரும்பாலும் ஒரே கல்லில் இடறியிருக்கின்றன. அந்தக் கல் எது என்பதைச் சொல்வதற்காகவே இக்கடிதம்.

இணைய முகவரியில் சில எழுத்துகளை நேரடியாக எழுத முடியாது. அவற்றுக்கு மாற்றுரு உண்டு. இடைவெளிக்குப் பதில் %20 என்று வருவதை வாசகர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் அதுபோன்ற மாற்றுருக்கள் உள்ளன. விழுக்காட்டுக் குறிக்கே கூட %25 என்ற மாற்றுரு உண்டு. ஆகவே ஒருவர் %2520 என்று எழுதினால், ஒருமுறை அவிழ்க்கும்போது அது %20 ஆகும். இன்னொருமுறை அவிழ்த்தால் வெறும் இடைவெளி ஆகும். இப்போது வாயிற்காவலர் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து "இதில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை" என்று உள்ளே விட, உள்ளே இருக்கும் இன்னொரு பகுதி இரண்டாம் முறை அவிழ்த்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். சோதித்த பெயர் ஒன்று, திறந்த பெயர் வேறொன்று.

மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் 4.0, 5.0 வெப் சர்வர்களில் 2000 அக்டோபரில் வெளிப்பட்ட ஓட்டை இதுதான். ஒரே பைட்டில் எழுத வேண்டிய சாய்கோட்டை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இரண்டு பைட்டுகளாக நீட்டி, முறைகேடாக எழுதினார்கள். சோதனை நடந்தபோது அது கோடாகத் தெரியவில்லை, கோப்பைத் திறக்கும்போது கோடாகிவிட்டது. அதைச் சரிசெய்த சில மாதங்களில், 2001 மே மாதம், இருமுறை அவிழ்க்கும் ஓட்டை அதே சர்வரில் தெரியவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று பரவத் தொடங்கிய நிம்டா என்ற புழு, அதாவது தானாகவே கணினிக்குக் கணினி பரவும் தீநிரல், பல வழிகளில் தொற்றியது. அவற்றில் ஒன்று இந்த ஓட்டைகள். திருத்தங்கள் இரண்டும் அதற்கு முன்பே வெளிவந்திருந்தன என்பது தனிக் கதை.

இருபது ஆண்டுகள் போயின. 2021 செப்டம்பரில் அப்பாச்சி வெப் சர்வரின் 2.4.49 பதிப்பு வந்தது. பாதைகளை நேர்செய்யும் பகுதியை அதில் புதிதாக எழுதியிருந்தார்கள். இரண்டு புள்ளிகளில் முதலாவதை அப்படியே விட்டு, இரண்டாவதை மட்டும் மாற்றுருவில் எழுதினால் அந்தப் புதிய பகுதி ஏமாந்தது. அக்டோபர் 4 அன்று திருத்தப்பட்ட 2.4.50 வந்தது. அந்தத் திருத்தம் ஒற்றை மாற்றுருவைப் பிடித்தது, இரட்டை மாற்றுருவைக் கோட்டைவிட்டது. அக்டோபர் 7 அன்று 2.4.51. உலகின் மிகப் பழக்கமான சர்வர்களில் ஒன்று, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த இளைஞர் ரசீதுப் பக்கத்தில் செய்த அதே வகை அரைத் திருத்தத்தைத்தான் செய்தது. பொதுக் கோப்புறைக்கு வெளியே உள்ள எல்லாவற்றுக்கும் 'அனுமதி இல்லை' என்ற அமைப்பை நீக்காமல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வருகிறேன்.

ஃபிரேம்வொர்க்குகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பாடம் கற்பித்தது 2019 மார்ச் 13 அன்று வெளியிடப்பட்ட ரெயில்ஸ் ஓட்டை. சிவிஇ-2019-5418 என்பது அதன் பதிவெண். நம் பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் முகவரியோடு சில குறிப்புகளையும் அனுப்புகிறது. 'எனக்கு எந்த வடிவில் பதில் தந்தால் ஏற்பேன்' என்று சொல்லும் 'அக்செப்ட்' குறிப்பு அவற்றில் ஒன்று. ரெயில்ஸில் கட்டப்பட்ட தளம், நிரலாளர் குறிப்பிட்ட ஒரு கோப்பை எடுத்துக் காட்டும்போது, அந்தக் குறிப்பில் உள்ள வடிவத்தைக் கோப்புப் பெயரின் பின்னொட்டாகச் சேர்த்து, பொருத்தமான கோப்பைத் தேடும். தேடுவதற்கான வாய்பாட்டில் நெளிவடைப்புக் குறிகள் இருக்கும். தாக்குபவர் அந்தக் குறிப்பில் வடிவத்தின் பெயருக்குப் பதிலாக ../ வரிசையையும், தமக்கு வேண்டிய கோப்பின் பெயரையும், கடைசியில் வாய்பாட்டைக் குலைப்பதற்கென்று {{ என்ற இரண்டு அடைப்புக் குறிகளையும் எழுதி அனுப்பினால், தளம் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டிவிடும். முகவரி முற்றிலும் சுத்தமாக இருக்கும். நிரலாளர் காட்டச் சொன்ன கோப்பின் பெயரும் அவரே கைப்பட எழுதியது; வெளியாரிடமிருந்து வந்தது அல்ல. முன்வாசலில் காவல் நின்றவர்கள் எல்லோரும் விழிப்பாகத்தான் நின்றார்கள். கொல்லைப்புறத்தில் அப்படி ஒரு கதவு இருப்பதே வீட்டைக் கட்டியவர்களுக்குத் தெரியவில்லை. அன்று நான் பராமரித்து வந்த இரண்டு ரெயில்ஸ் தளங்களில் 'கோப்பு இல்லை' என்ற அறிவிப்புப் பக்கத்தைக் காட்டும் இடத்திலேயே இந்தப் பயன்பாடு இருந்தது. அந்த ஒரு வரியை ஆண்டுக்கணக்கில் கடந்து போயிருக்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு ரெயில்ஸின் துணைத்தொகுதியான ஸ்பிராக்கெட்ஸில் இரட்டை மாற்றுரு வழியாகக் கோப்புகளைப் படிக்கும் ஓட்டையைத் தைவானைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். 2018இல் பிளாக் ஹாட் மாநாட்டில் அவர் நிகழ்த்திய உரையின் சாரமே, ஒரே பாதையை இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகப் படிப்பதால் எத்தனை தளங்கள் திறந்து கிடக்கின்றன என்பதுதான். என்ஜின்எக்ஸ் சர்வர் அமைப்பில் ஒரு கோப்புறைக்கு மாற்றுப்பெயர் வைக்கும்போது, பெயரின் முடிவில் ஒரே ஒரு சாய்கோட்டை விட்டுவிட்டால், அந்தப் பெயரை ஒட்டியே இரண்டு புள்ளிகளை எழுதி ஒரு படி மேலே ஏறிவிட முடியும் என்பதையும் அவர் அங்கே விரிவாகக் காட்டினார். ஒரு கோடு! உரையைப் படித்த இரவே என் அமைப்புக் கோப்புகள் அனைத்தையும் திறந்து பார்த்தேன். ஓரிடத்தில் இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

யாரும் தவறு செய்யாமலேயே ஓட்டை பிறந்ததும் உண்டு. 2017 செப்டம்பரில் வந்த எக்ஸ்பிரஸைத் தாங்கும் இயக்கச் சூழலான நோட்டின் 8.5.0 பதிப்பில், இரட்டைப் புள்ளிகள் கொண்ட பாதையை நேர்செய்யும் முறையைச் சற்றே மாற்றினார்கள். பழைய முறையை நம்பித் தன் சோதனையை எழுதியிருந்த எக்ஸ்பிரஸில் எந்த வரியும் மாறவில்லை. ஆனால் அதன் சோதனை அன்றோடு செல்லாக்காசாகிவிட்டது. 8.6.0 பதிப்பில் சரிசெய்தார்கள். ஜாவா உலகில் ஸ்பிரிங், 2018இல் விண்டோஸ் கணினியிலிருந்து நிலைக்கோப்புகளை (படம் போன்று, இருப்பதை அப்படியே அனுப்பும் கோப்புகளை) வழங்கும்போது ஒருமுறை இடறியது. 2024 செப்டம்பரிலும் அக்டோபரிலும் அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகளை அடைத்தது. பைத்தான் மொழியின் ஏஐஓஎச்டிடிபி என்ற நூலகம், குறுக்கிணைப்புகளை (வேறோர் இடத்திலுள்ள கோப்பைச் சுட்டும் பெயர்களை) பின்தொடரும் வசதியை இயக்கினால் எல்லைச் சோதனையைச் செய்யாமல் விட்டது. 2024 ஜனவரியில் 3.9.2 பதிப்பில் திருத்தம் வந்தது. ஜாங்கோவில் 2021இல் சரிசெய்யப்பட்டது எதிர்த்திசையில் வரும் ஓட்டை: பதிவேற்றும் கோப்பின் பெயருக்குள் பாதையை ஒளித்து அனுப்புவது. படிப்பதைவிட எழுதுவது ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜிப் போன்ற பொதிக்கோப்பை விரிக்கும்போது உள்ளிருக்கும் பெயர்களில் ../ வைத்து வெளியே எழுதச் செய்யும் 'ஜிப் ஸ்லிப்' 2018 ஜூனில் பல மொழிகளின் நூலகங்களில் ஒருசேரப் பேசப்பட்டதும் இதே குடும்பம்தான்.

இரண்டு புள்ளியே இல்லாமலும் இது நடக்கும் என்பதைப் பைத்தான் எழுதும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பாதைகளை இணைக்கும் அதன் வழக்கமான செயற்கூறு, இரண்டாவதாக வரும் பெயர் சாய்கோட்டில் தொடங்கினால், நீங்கள் முதலில் கொடுத்த கோப்புறையை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ளும். அது பிழை அன்று. ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அதுபோலவே, 'பாதை ரசீது என்ற சொல்லில் தொடங்குகிறதா' என்று மட்டும் சோதிப்பவர்கள், பக்கத்தில் 'ரசீது-பழையது' என்று ஒரு கோப்புறை இருந்தால் அதற்கும் சேர்த்து அனுமதி கொடுத்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் நிரலாளர்களின் உள்வீட்டு விவகாரம் என்று வாசகர்கள் நினைக்கலாகாது. ஃபோர்டிநெட் நிறுவனத்தின் வாயிற்காப்புக் கருவிகளில் இருந்த சிவிஇ-2018-13379 என்ற கோப்புறை தாண்டல் ஓட்டையின் வழியே, உள்நுழைந்திருந்தவர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறைக்கப்படாமல் கிடந்த கோப்பைப் படிக்க முடிந்தது. 2019 மே மாதத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. அதன்பின் 2 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2021 செப்டம்பரில், ஏறத்தாழ 87,000 கருவிகளின் உள்நுழைவு விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையும் எஃப்பிஐயும் 2024 மே 2 அன்று கூட்டாக வெளியிட்ட எச்சரிக்கை, இந்த ஒரு பிழையைப் பற்றியது மட்டுமே. தாக்குதலுக்குப் பயன்பட்டது உறுதியான ஓட்டைகளுக்கென அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் அப்போது 55 ஓட்டைகள் இந்த வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. மிக அபாயகரமான 25 மென்பொருள் பலவீனங்களின் பட்டியலில் 2023இல் 8ஆம் இடத்தில் இருந்த இது, 2024இல் 5ஆம் இடத்துக்கு ஏறியது. அந்த எச்சரிக்கையில் எனக்குப் பிடித்தது, அது பயனர்களிடம் பேசவில்லை. மென்பொருள் செய்யும் நிறுவனங்களின் தலைமையிடம் பேசியது. குற்றத்தைக் கீழே தள்ளிவிடும் வழக்கத்துக்கு அது மாறாக இருந்தது.

அப்படியானால் தீர்வு என்ன? கெட்ட எழுத்துகளின் பட்டியல் போட்டு வடிகட்டுவது தீர்வாகாது என்பதற்கு மேலே சொன்னவையே சாட்சி. முதல் வழி மிக எளியது, ஆகவேதான் பலரும் அதைச் செய்வதில்லை: வெளியிலிருந்து வரும் எதையும் கோப்பின் பெயராக ஆக்காமல் இருப்பது. ரசீதைக் கேட்பவர் ஓர் எண்ணைத் தரட்டும். தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே எந்தக் கோப்பு, அது யாருக்கு உரியது என்று இருக்கட்டும். பதிவறை எழுத்தர் சீட்டைப் படித்து நடப்பதை நிறுத்திவிட்டு, தன் பேரேட்டைப் பார்த்து எடுத்துத் தருவார். எங்கள் ரசீதுப் பக்கத்தில் கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். அடுத்தவர் ரசீதை எண்ணை மாற்றிப் பார்க்கும் வேறொரு ஓட்டையும் அதோடு சேர்ந்து அடைபட்டது. அது இருந்ததே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெயரைத் தவிர்க்கவே முடியாத இடங்களில், எல்லா மாற்றுருக்களையும் அவிழ்த்து, குறுக்கிணைப்புகளையும் தீர்த்து, கோப்பின் உண்மையான முழுப்பாதை எது என்று இயங்குதளத்திடமே கேட்டு, அந்த இறுதிப் பாதை நம் கோப்புறைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். அதையும் விடச் சிறந்தது, சோதனையை நம் நிரலில் வைக்காமல் இயங்குதளத்திடமே ஒப்படைப்பது. 'இந்தக் கோப்புறைக்குக் கீழே மட்டும் திற, வெளியே போகும் எதையும் மறு' என்று சொல்லும் வசதி லினக்ஸ் 5.6இல் 2020ஆம் ஆண்டு வந்தது. கோ மொழியின் 1.24 பதிப்பு, 2025 பிப்ரவரியில், ஒரு கோப்புறையை வேராகக் கட்டிப்போட்டு அதற்குள் மட்டும் புழங்கும் வசதியைத் தன் அடிப்படை நூலகத்திலேயே தந்தது. சோதிக்கும் பெயரும் திறக்கும் பெயரும் ஒன்றாகிவிடுவதால், நடுவில் புகுந்து விளையாட இடமே இருப்பதில்லை. மற்ற மொழிகளும் ஃபிரேம்வொர்க்குகளும் இதை விருப்பத் தேர்வாக வைக்காமல் இயல்பு வழக்கமாகவே ஆக்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்பாச்சி விஷயத்தில் பின்னால் வருவதாகச் சொன்னது இதுதான்: நிரல் ஏமாந்தாலும் சேதம் பெரிதாகாதபடி வைப்பது நிர்வாகியின் கையில் இருக்கிறது. வலைதள நிரல் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனருக்குத் தேவைக்கு மேல் ஒரு கோப்பைக்கூடப் படிக்கும் உரிமை இருக்கக் கூடாது. எங்கள் சர்வரில் அமைப்புக் கோப்பும் ரசீதுகளும் ஒரே உரிமையில் கிடந்தன. அந்தத் தவறு இளைஞருடையது அன்று, என்னுடையது.

நம் மாநிலத்தில் சிறு நிறுவனங்களும் பள்ளிகளும் வலைதளத்தை வாங்கும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. கட்டிக் கொடுக்கும் நாளில் இருந்த ஃபிரேம்வொர்க் பதிப்போடு தளம் நின்றுவிடுகிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்ற பெயரில் பணம் போகிறது. ஆனால் அதில் புகைப்படம் மாற்றுவதும் அறிவிப்புப் போடுவதும்தான் இருக்கும், பதிப்பைப் புதுப்பிப்பது இருக்காது. கேட்டால், "புதுப்பித்தால் தளம் உடைந்துவிடும் சார், ஓடுகிற வரை ஓடட்டும்" என்பார்கள். 2019இல் கட்டப்பட்ட ஒரு தளம் இன்றும் அதே பதிப்பில் ஓடுகிறது என்றால், மேலே நான் அடுக்கிய ஓட்டைகளில் எத்தனை அதில் அடைபடாமல் இருக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில், 'ஃபிரேம்வொர்க்கின் பாதுகாப்புத் திருத்தம் வெளியான இத்தனை நாளுக்குள் ஏற்றித் தர வேண்டும்' என்ற ஒரு வரியைச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். தணிக்கைச் சான்றிதழ் கேட்பதைவிட அது பயன் தரும். சான்றிதழ் அது தரப்பட்ட நாளைப் பற்றி மட்டுமே பேசும்.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வர் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 6 மணி நேரம் கடுமையானது என்ற முணுமுணுப்பு எங்கள் தொழிலில் உண்டு. பதிவேடு பற்றிய விதியை மட்டும் நான் மனதார ஆதரிக்கிறேன். அந்த ஞாயிறு அதிகாலையின் முப்பது வரிகள் இல்லாமல் இருந்திருந்தால், எதுவும் போகவில்லை என்றுதான் நாங்களும் இன்றுவரை நம்பிக்கொண்டிருப்போம். வெளியாள் ஒருவர் நல்லெண்ணத்தோடு இத்தகைய ஓட்டையைக் கண்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளை நினைத்து வாய் திறக்கத் தயங்குகிறார். ஓட்டை இருக்கிறதா என்று இன்னொருவர் தளத்தில் சோதித்துப் பார்ப்பதே குற்றமாகக் கூடும் என்பது உண்மை. ஆகவே இளைஞர்கள் அதைச் செய்ய வேண்டாம். தற்செயலாகக் கண்ணில் பட்டால் செர்ட்-இன்னிடம் பொறுப்போடு தெரிவிக்க வழி இருக்கிறது.

நான் முன்பு குறிப்பிட்ட ஆய்வகப் பயிற்சி பற்றி அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரியோடு நான்காவதாக ஒரு வரி சேர்த்தால் போதும் என்று எழுதியிருந்தேன். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதுவரை வெளிவரும் மாணவர்கள் அந்த மூன்று வரியோடுதான் வேலைக்கு வருவார்கள்.

வலைதளம் வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் தளத்தைப் பராமரிப்பவரிடம் இன்றே கேட்கக் கூடியது ஒன்று உண்டு. கடந்த ஆறு மாதப் பதிவேட்டில் ../ என்ற வடிவத்தையும் அதன் மாற்றுருக்களையும் தேடச் சொல்லுங்கள். நிச்சயம் கிடைக்கும், இணையத்தில் இருக்கும் எல்லாச் சர்வர்களின் கதவையும் யாரோ ஒருவரின் தானியங்கி நிரல் தட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த வரிகளின் எதிரே 400, 403, 404 என்று இருந்தால் நல்லது. 200 என்று இருந்தால் பக்கத்தில் உள்ள பைட் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்: எல்லா வரியிலும் ஒரே எண் என்றால் அது பெரும்பாலும் தளத்தின் வழக்கமான முகப்புப் பக்கமோ பிழைப் பக்கமோ ஆக இருக்கும். வரிக்கு வரி எண் மாறினால், தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட்டு, அதன்பிறகு ஓட்டையைத் தேடத் தொடங்கச் சொல்லுங்கள். நாங்கள் அதை முன்பின்னாகச் செய்து ஒரு நாளை இழந்தோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.